சுரங்கம் ஊருக்கு எதை மிச்சம் வைக்கிறது? கணக்குப் பார்க்கும் வழி

சுரங்கம் இருந்தால் ஊர் முன்னேறும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சுரங்கம் ஊரைத் தின்றுவிடும் என்பார்கள் வேறு சிலர். கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்தாரிடமும் எழுதிவைத்த கணக்கு இராது. கணக்கில்லாத ஊரைக் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. "வேலை தருகிறோம்தானே" என்ற ஒரு வசனத்தோடு பேச்சை முடித்துவிடுவார்கள்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் உள்ளூராட்சி அலுவலகங்களின் வருமானப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். இப்போது கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கெழுதப் பழக்குகிறேன். புல்மோட்டையில் கனிய மணல், மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆற்று மண், கந்தளாய்ப் பக்கம் கருங்கல் என்று பொருள் மாறலாம். கணக்கு முறை மாறுவதில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். அதை நாலு பகுதியாகப் பிரியுங்கள்: சம்பளம், கொள்வனவு, வரி, இழப்பு. ஒரு வருஷம் விடாமல் எழுதினால், சுரங்கத்தால் உங்கள் ஊர் வளர்கிறதா, வெறுமனே லொறி போகிற பாதையாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதை எடுக்கிறார்கள் என்று தெரியாமல் கொப்பியைத் திறக்காதீர்கள். திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் போனால் புல்மோட்டை. அங்கே கரையில் கிடக்கும் கறுப்பு மண்ணின் பெரும்பகுதி இல்மனைற். படிவின் செறிவான இடங்களில் அது 70 சதவீதம் வரைக்கும் வரும். அதோடு ரூட்டைல், சிர்கோன், சிலிமனைற், சிறிதளவு மொனசைட் கலந்திருக்கும். வாடைக்காற்றுக் காலத்து அலை வருஷா வருஷம் புது மண்ணையும் கொஞ்சம் கொண்டுவந்து போடுகிறது.

பிரிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் மண்ணின் விலை ஏறுகிறது. தண்ணீர் விட்டுச் சுழற்றிப் பாரமான மண்ணைப் பிரிப்பார்கள். காந்தத்தில் இல்மனைற் ஒட்டிக்கொள்ளும். மின்னேற்றம் கொடுத்தால் மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்கோன் மறுபக்கமும் விழும். இல்மனைற்றிலிருந்து எடுக்கிற தைத்தேனியம் இரட்டை ஒட்சைட்டுதான் வெள்ளைப் பெயின்றுக்கும் கடதாசிக்கும் பிளாஸ்டிக்குக்கும் பற்பசைக்கும் வெண்மை கொடுக்கிறது. சிர்கோன் தரை ஓடுகளுக்குப் போகிறது, ரூட்டைல் வெல்டிங் கம்பியின் மேற்பூச்சுக்கு. மொனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சுள்ள பொருள். ஆகவே அதை எங்கே குவிக்கிறார்கள், எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்ற கேள்வியை இழப்புப் பகுதியில் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இந்தத் தொழிலுக்கு 1957ஆம் ஆண்டு ஒரு அரச கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். பின்னாளில் அதுவே லங்கா கனிய மணல் நிறுவனம் என்ற அரச கம்பெனியானது. யுத்தம் அதையும் விடவில்லை. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் மண் ஏற்றிக்கொண்டு நின்ற 'கோடியாலிற்றி' என்ற கப்பல் தாக்கப்பட்டு மாலுமிகள் இறந்தார்கள். பச்சை மண்ணாகவே கப்பலேற்றி அனுப்புகிற தொழில், கப்பல் வராவிட்டால் அப்படியே நின்றுவிடும். சந்தை விலை விழுந்தாலும் அதே கதிதான். சுரங்கத்தை மட்டும் நம்பியிருக்கும் ஊருக்கு இந்த ஆபத்து எந்த நாளும் உண்டு.

சம்பளப் பகுதி

"எத்தனை பேருக்கு வேலை?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கனிய மணல் யந்திரத்தை நம்பிய தொழில். மண்ணின் பெறுமதியோடு ஒப்பிட்டால் அதற்கு ஆட்கள் குறைவாகத்தான் தேவை. ஆகவே ஐந்து நிரல் போடுங்கள்: நிரந்தர ஊழியர், அமைய ஊழியர், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் மனிதவலு ஆட்கள், அவர்களில் பிரதேச செயலகப் பிரிவுக்குள் குடியிருப்பவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்.

குடியிருப்பு நிரலில்தான் உயிர் இருக்கிறது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுங்கள். ஒருவர் குடும்பத்தோடு ஊரில் இருக்கிறார். மற்றவர் விடுதியில் தங்கி மாதக் கடைசியில் தன் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். இரண்டாமவர் பிழை எதுவும் செய்யவில்லை, ஆனால் உங்கள் கடைத்தெருவுக்கு அவருடைய சம்பளத்தில் சிறு துண்டுதான் வந்து சேரும். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குச் சொல்கிறேன். ஊருக்கு வந்த 100 ரூபாயில் 40 ரூபாய் ஊருக்குள் செலவாகிறது என்று வையுங்கள். அதை வாங்கிய கடைக்காரரும் அதே விகிதத்தில் ஊருக்குள் 16 ரூபாய் செலவழிக்கிறார். பிறகு 6 ரூபாய் 40 சதம். இப்படியே ஓடி முடிந்து கூட்டினால் ஏறத்தாழ 167 ரூபாய் ஊரில் புழங்கியிருக்கும். ஒவ்வொரு கையிலும் 100க்கு 20 ரூபாய்தான் ஊருக்குள் செலவாகிறது என்றால் மொத்தம் 125 ரூபாயோடு நின்றுவிடும். சுரங்கம் அதே சுரங்கம், சம்பளமும் அதே சம்பளம். வித்தியாசம் முழுவதும் ஊரின் தங்கவைக்கும் சக்தியில் இருக்கிறது.

அந்தச் சக்தியைக் கூட்டுவதற்குச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த ஐந்து வருஷத்தில் யார் யார் ஓய்வுபெறுகிறார்கள், எந்தப் பதவிகள் வெற்றிடமாகும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஆட்களின் பெயர் தேவையில்லை, பதவியும் வருஷமும் போதும். வெல்டர், பிற்றர், மின்னிணைப்பாளர், கனரக வாகனச் சாரதி என்று பட்டியல் வரும். அதைக் கொண்டுபோய்த் தொழிற்பயிற்சி அதிகார சபையில் கொடுத்து, என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு அந்தப் பாடநெறிகளைக் கேளுங்கள். வெற்றிடம் விளம்பரமான பிறகு பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பினால் காலம் பிந்திவிடும். என்னிடம் வருகிற தாய்மார் பலரும் "அக்கா, இவனுக்கு அங்க ஒரு வேலை எடுத்துத் தர ஏலாதா?" என்றுதான் கேட்பார்கள். இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து, "தம்பிய நாளைக்கே பதியுங்கோ" என்பதுதான் என் பதில்.

கொள்வனவுப் பகுதி

சம்பளத்தைவிட இது ஊருக்குச் சுலபமாக எட்டக்கூடியது. ஆனால் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஆலை நடக்க என்னென்ன வேண்டும்? மதியச் சாப்பாட்டுப் பார்சல், குடிநீர், சீருடைத் தையல், துப்புரவு, வாகன வாடகை, டயர் ஒட்டு, யந்திரத்துக்குச் சில்லறை உதிரிப்பாகம், மண் கட்டும் சாக்கு, கட்டடத் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: இப்போது எங்கிருந்து வருகிறது, அதை ஊரில் யாரால் செய்ய முடியும்.

அரச நிறுவனங்கள் வருஷந்தோறும் விநியோகஸ்தர் பதிவுக்குப் பத்திரிகையில் அறிவித்தல் போடும். பெரும்பாலும் வருஷக் கடைசியில் வரும். அதைப் பார்க்கும் பொறுப்பைச் சங்கத்தில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பதிவதற்கு வியாபாரப் பதிவுப் பத்திரமும் வங்கிக் கணக்கும் தேவைப்படும். ஊரில் நன்றாகத் தைக்கிற, நன்றாகச் சமைக்கிற பெண்கள் பலருக்கு இந்த இரண்டும் இல்லாததே தடை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெயரில் பதிந்தால் வழி திறக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் கரையோரத்து மனிதருக்கு விளக்கத் தேவையில்லாத பேச்சு.

பையும் கொப்பியும் கொடுத்தார்கள், விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஆனால் தனியாக, கடைசிப் பக்கத்தில். அன்பளிப்பு வேறு, அபிவிருத்தி வேறு. அடுத்த வருஷமும் வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத பணத்தை வைத்து ஒரு குடும்பம்கூடத் திட்டம் போடாது.

வரிப் பகுதி

பணம் எந்தக் கதவுக்குப் போகிறது என்று இங்கே பிரித்துப் பாருங்கள். கனியம் எடுப்பவர் அரசுக்குக் கட்டவேண்டிய பங்குத்தொகையான ரோயல்டியை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அறவிடுகிறது. அரச கம்பெனியின் இலாபப் பங்கு திறைசேரிக்குப் போகும். வருமான வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு. எல்லாம் கொழும்பை நோக்கிய கதவுகள். புல்மோட்டையில் எடுத்த மண்ணுக்கு இவ்வளவு என்று குறித்துத் திரும்பி வரும் பணம் அதில் இல்லை. நாட்டின் பொதுச் செலவில் நமக்கும் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிடங்கும் தூசியும் விழுகிற இடத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கவேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதைக் கணக்கோடு கேட்கவேண்டும்.

பிரதேச சபைக்கு எஞ்சுவது சோலை வரி, வியாபார உரிமக் கட்டணம் போன்ற சிறு வருமானங்கள். செலவு மட்டும் சிறியதல்ல. வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உள்ளே கிளைக்கும் ஒழுங்கைகள் பிரதேச சபையின் சொத்து. பாரமேற்றிய டிப்பர் சிறு ஒழுங்கையில் ஒரு மாரி முழுவதும் ஓடினால் அதைத் திருத்துவது யார்? மண் எடுத்தவர் ஒருவர், ரோயல்டி வாங்கியவர் இன்னொருவர், வீதி உடைந்து நிற்பது மூன்றாமவருக்கு. எந்த ஒழுங்கை யாருடையது, எங்கே உடைந்தது, எப்போது உடைந்தது என்று திகதியோடு படமெடுத்து ஒட்டுங்கள். வருமானப் பகுதி மேசையிலிருந்து நான் சொல்கிறேன், இந்தப் பக்கத்துக்கு இருக்கிற பலம் வேறு எந்த மனுவுக்கும் இல்லை.

இழப்புப் பகுதி

கடற்கரையில் இருக்கிறவர்கள் அளவெடுக்கப் பழகுங்கள். அசையாத ஒன்றைக் குறியாக வையுங்கள்: ஒரு கிணற்றுக்கட்டு, பனைமரம், கொங்கிறீற் தூண். அதிலிருந்து அலை ஏறிநிற்கும் ஈரக்கோடு வரை நாடா பிடித்து மாதத்துக்கு ஒருமுறை அளவுங்கள். நம்முடைய கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே கரை முன்பின் போவது பெரும்பாலும் காற்றாலும் அலையாலும்தான். வாடையில் ஒரு அளவு வரும், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் வேறு அளவு வரும். ஐப்பசி அளவை ஐப்பசி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மழைக்காலத்து அரிப்பை மட்டும் காட்டிச் சுரங்கத்தின்மேல் பழி போட்டால் பொறியியலாளர் ஒரே கேள்வியில் உங்களை உட்காரவைத்துவிடுவார். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அளவெடுக்கும் முறையைச் சரிபார்த்துத் தரும்படி அங்கே கேட்கலாம்.

கரைவலைச் சம்மாட்டிமாரிடம், அதாவது வலைக்குச் சொந்தக்காரரிடம், தனியாக உட்காருங்கள். எந்தப் பாட்டில் (வலை இழுக்கும் கரைத்துண்டில்) வலை இழுக்க முடியாமல் போனது, வேலி எந்த வருஷம் வந்தது, வள்ளம் வலிக்கிற வழி எவ்வளவு சுற்றுகிறது என்று கேட்டு எழுதுங்கள். அடம்பன் கொடியும் கரையோரப் பற்றையும் நீக்கப்பட்ட இடத்தைக் கையால் வரைந்த படத்தில் குறியுங்கள். கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். ஆகவே அந்த எல்லைக்குள் நடக்கும் வேலைக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு அளவு. ஆற்றின் அடி தாழ்ந்தால் கடல் உப்பு மேலே ஏறிவரும், கரையோரக் கிணறுகள் அதை முதலில் காட்டும். மூங்கிலில் அடி, அங்குலம் கீறி ஒரே இடத்தில் ஆற்றின் ஆழம் பாருங்கள். கிணறுகளில் உப்பை அளக்கும் சிறு மீற்றரால் மாதந்தோறும் அளந்து எழுதுங்கள். வயலுக்கு உப்பு ஏறியபிறகு எந்த நட்டஈடும் அந்த நிலத்தைத் திருப்பித் தராது.

"இங்கேயே தொழிற்சாலை போடச் சொல்லலாமே?"

ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்வி வரும். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் பிராந்தியப் பொருளாதாரத்தைச் சுரங்கம் உண்மையில் தூக்குவது மண் எடுக்கிற இடத்தில் அல்ல, மண் வேறு பொருளாகிற இடத்தில். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துச் சவறாவில் நம்முடையதைப் போன்ற கடற்கரை மண்ணிலிருந்தே வெள்ளை நிறமிவரை ஒரே அரச நிறுவனம் செய்கிறது. போட்ஸ்வானாவில் வைரம் தோண்டுவது பழைய கதை. 2013இல் டீ பியர்ஸ் கம்பெனி வைரம் தரம்பிரித்து விற்கிற வேலையை லண்டனிலிருந்து அந்நாட்டுத் தலைநகர் காபரோனுக்கு மாற்றியது, அரசு அதை ஒப்பந்தத்தில் பேசி வாங்கியதால். பேசாமல் அது வந்திருக்காது.

நமக்குத் திருகோணமலையில் ஆழமான இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. சீனக்குடாவில் மாவாலை பல காலமாக ஓடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய பெரிய ஆலை இந்த மாவட்டத்துக்குப் புதியதல்ல. ஆனால் நிறமி ஆலை கேட்கிறவர்கள் இழப்புப் பகுதியையும் சேர்த்தே கேட்கவேண்டும். சல்பேற் முறையில் செய்தால் பெருமளவு கழிவு அமிலமும் இரும்புச் சல்பேற்றும் மிஞ்சும். குளோரைட் முறையில் குளோரின் வாயுவைக் கையாளவேண்டும். இரண்டுக்கும் நன்னீரும் நிறைய மின்சாரமும் வேண்டும். கழிவு எங்கே போகும் என்ற பதில் எழுத்தில் வராத ஆலைக்கு நான் கையொப்பம் வைக்கமாட்டேன், எத்தனை வேலை சொன்னாலும்.

புதிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு செய்தால் அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும், கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். அநுராதபுர மாவட்டத்து எப்பாவெல மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொஸ்பேற்றை வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து எடுக்க இருந்த திட்டத்துக்கு எதிராக அந்த ஊரவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். இயற்கை வளத்துக்கு அரசு மக்கள் சார்பான பாதுகாவலரே என்ற அடிப்படையில், முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியும்வரை ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர்கள் அந்த நிலத்தில் வாழ்கிற சாதாரண மக்கள்.

விவரம் எடுக்கும் வழி

கொப்பியின் வெற்றிடங்களை நிரப்ப 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. கேள்வி சுருக்கமாக இருக்கட்டும், இப்படி:

"2023, 2024ஆம் ஆண்டுகளில் எமது பிரதேச செயலகப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு கனியத்தினதும் தொன் அளவு. அதற்குச் செலுத்தப்பட்ட ரோயல்டி. சுரங்க அனுமதிப்பத்திரத்தின் எல்லை, ஆழம், காலம் பற்றிய நிபந்தனைகளின் பிரதி. நிலத்தைச் சீர்செய்வதற்காகக் கட்டப்பட்ட பிணைப்பணம் எவ்வளவு. எமது பிரிவில் பதிந்த விநியோகஸ்தர்களிடமிருந்து வாங்கிய பொருட்களின் மொத்தத் தொகை."

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்குரிய கேள்வியை மட்டும் அனுப்புங்கள். ரோயல்டி பணியகத்துக்கு, கொள்வனவு சுரங்க நிறுவனத்துக்கு, வீதி பிரதேச சபைக்கு. பதில் கிடைத்ததும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையோடு ஒத்துப்பாருங்கள். அரச கம்பெனிகளின் கணக்கு அங்கே ஆராயப்படுகிறது, அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவும் அதை வைத்தே கேள்வி கேட்கிறது.

பிறகு கொப்பியைத் தனியே கொண்டு திரியாதீர்கள். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்களின் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து ஒரே கணக்கை ஒரே கடிதத்தோடு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொடுங்கள். கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சிநிரலில் போடும்படி பிரதேச செயலாளரிடம் கேளுங்கள், கொடுத்ததற்குத் திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். கூட்டத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வைக்கவேண்டாம்: பதவி வெற்றிடப் பட்டியல், உள்ளூர் விநியோகஸ்தர் பதிவு, உடைந்த ஒழுங்கைகளுக்குத் திருத்தச் செலவு. இந்த மூன்றும் சட்டத்தை மாற்றாமலே செய்யக்கூடியவை. ரோயல்டியில் பங்கு என்பது பெரிய அரசியல் கோரிக்கை, அதை மாகாண மட்டத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தனிக் கடிதமாக அனுப்புங்கள். யார் என்ன பதில் சொன்னார், எந்தத் திகதிக்குள் செய்வதாகச் சொன்னார் என்பது கூட்டறிக்கையில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்துக்கு முன் போய்ப் பாருங்கள். ஏறவில்லையென்றால் திருத்தம் கேட்டு அன்றைக்கே எழுதிக்கொடுங்கள்.